வெள்ளையில் வெள்ளை

திரையில் எல்லாம் சரி.
நீலப் பட்டையில் வெள்ளைத் தலைப்புகள்,
ஏழு நிரல், முந்நூற்றுச் சொச்சம் பெயர்,
மண்ணெண்ணெய் மானியம் கிடைக்கும் வள்ளங்கள்.
உம்மு ஹபீபா விரலால் தொட்டுக் காட்டினா:
"இந்தா, இவர்தான். நூற்றிப் பன்னிரண்டு."

கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவ.
கந்தோரில் போனை நீட்டியிருக்கிறா.
"தாளில் கொண்டாங்க" என்றாராம் அலுவலர்,
நிமிர்ந்தும் பார்க்காமல்.

எங்கள் கடையில் ஒரு மேசை, ஒரு பிரின்டர்,
வாசலில் எந்நேரமும் இரண்டு மான்.

முதல் பிரின்டில்
ஏழாவது நிரல் வலப்பக்கம் விழுந்து
கடலுக்குள் போய்விட்டது.
"பேர் இருக்கு, காசு இல்ல" என்றா.
சிரிப்பா கோபமா, தெரியவில்லை.
திரைக்கு ஓரமே கிடையாது,
இழுக்க இழுக்க வரும்.
தாள் அப்படியல்ல,
அது இருபத்தொரு சென்ரிமீற்றரில்
கையை விரித்துவிடும்.

நின்ற தாளைக் கிடத்தினேன்.
காசு வந்தது.
இப்போது தலைப்புகளைக் காணோம்.
மையை மிச்சம் பிடிக்க
நீலத்தை உரித்துவிட்டு அனுப்பியிருக்கிறது உலாவி.
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து.
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
எழுத்தை யாரும் அழிக்கவில்லை,
அதற்குப் பின்னால் நின்ற நிறம் போய்விட்டது,
அவ்வளவுதான்.

'பின்னணி வரைகலை' என்ற சின்னப் பெட்டியில்
ஒரு சரி போட்டேன்.
நீலம் வந்தது, மடமடவென்று மை குடித்தது.
ஆனால் நூற்றிப் பன்னிரண்டு
இரண்டு தாளுக்கு நடுவில் அகப்பட்டிருந்தது.
அப்துல் மஜீத் சாபிர்:
புள்ளிகளெல்லாம் நாலாம் தாளின் அடியில்,
உடம்பு ஐந்தாம் தாளின் தலையில்.
அவ இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை.

நூறு வீதத்தைத் தொண்ணூற்றைந்தாக்கினேன்.
தலை வெட்டுப்பட்டது.
தொண்ணூற்றொன்றில்
மனிசன் முழுதாக எழும்பி வந்தார்.
அடியில் ஓடிய திகதியையும் நீள முகவரியையும்
அழகு கெடுது என்று நான்தான் எடுத்துவிட்டேன்.
அந்த நேரம் பெருமையாகக்கூட இருந்தது.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தா.
"திகதி இல்லையாம், எங்க எடுத்ததெண்டு இல்லையாம்.
நீங்களே அடிச்சதா எண்டு கேக்கிறார்."

பக்கத்தைத் திறந்தேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
'பராமரிப்பில் உள்ளது' என்று நின்றது.
நான் ஒன்றையும் சேமித்து வைக்கவில்லை.
அவ கதிரையில் இருந்து
முந்தானையால் முகத்தைத் துடைத்தா.
ரசீதுக்கு வந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது:
சரக், சரக்.
பிழைத்த தாள் போடும் பெட்டிக்குள்
மான் தலையை விட்டிருந்தது.
ஓடிப்போய் இழுத்தேன், அதுவும் இழுத்தது.
மூன்று தாள் ஏற்கெனவே வயிற்றில்.
கையில் வந்தது
முதல் பிரின்டின் நாலாம் தாள்,
ஒரு மூலை எச்சில், ஒரு மூலை இல்லை,
அடியில் திகதியும் முகவரியும் அச்சொட்டாய்,
நடுவில் நூற்றிப் பன்னிரண்டு.

ஒன்றில் காசு உண்டு, சாட்சி இல்லை.
மற்றதில் சாட்சி உண்டு, காசு இல்லை.
இரண்டையும் சேர்த்து
ஸ்டேப்ளரால் ஒரு அடி.

"இந்தக் கடியைக் கேட்டா?"
"மான் எண்டு சொல்லுங்க.
திருகோணமலையில ஆரும் நம்புவாங்க."
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா,
வெயிலுக்குள் இறங்கிப் போனா.

நாலேகாலுக்குப் பக்கம் உயிர்த்து வந்தது.
யாரும் கேட்காமலே ஒரு பிரதி எடுத்தேன்,
மேலே நீலம், அடியில் திகதி,
தொண்ணூற்றொரு வீதம்.
லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.
அவ பிறகு வரவில்லை.
கந்தோரில் எடுத்தார்களா,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா, தெரியாது.

மான் வந்தது.
கொடுக்கவில்லை.